இடதுகையால் இயங்கும் பழைய பிலிம் கேமராக்கள்: வடசென்னையில் புதிதாய்த் தொடங்குபவர்களுக்கு

பர்மா பஜாரிலோ மூர் மார்க்கெட் வளாகத்திலோ, மூடப்போகிற ராயபுரத்து ஸ்டுடியோ ஒன்றின் பீரோவிலோ இப்படி ஒரு கேமரா கண்ணில் படும். நல்ல கனம், முகப்பில் எக்ஸாக்டா என்று பெயர். கையில் எடுத்தால் வலது ஆட்காட்டி விரல் போய் நிற்கும் இடத்தில் பொத்தான் இருக்காது. வியூஃபைண்டரில் (கண்ணை வைத்துப் படம் பார்க்கும் இடம்) பார்த்தால் ஒரே இருட்டு. பாதிப் பேர் "ஒடஞ்சது போல" என்று கீழே வைத்துவிட்டுப் போவார்கள். பெரும்பாலும் அது உடைந்திருக்காது. பிலிம் சுருட்டும் லீவர், ஷட்டர் (பிலிமில் ஒளி விழ விடும் திரை) வேகக் குமிழ், ஷட்டர் பொத்தான் மூன்றும் அதில் இடப்பக்கம் இருக்கின்றன, சுருட்டும் வரை வியூஃபைண்டர் இருட்டாகவே இருக்கும், அவ்வளவுதான்.

எக்ஸாக்டாவைச் செய்தது ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து இஹாகே நிறுவனம். 35 மி.மீ. பிலிம் போடும் கினே எக்ஸாக்டா 1936-இல் வந்தது. 1950-இல் வந்த வேரெக்ஸ் வரிசையில் வியூஃபைண்டரைக் கழற்றி மாற்றலாம். அமெரிக்காவில் இதே வரிசையை வி, வி.எக்ஸ். என்ற பெயர்களில் விற்றார்கள். இங்கே அதிகம் கண்ணில் படுவது வேரெக்ஸ் இரண்டு ஏ என்பதால் கீழே உள்ள விவரங்கள் அதை வைத்தே எழுதப்பட்டவை. தம்பி மாதிரியான எக்ஸாவிலும் பொத்தான் இடதுகைக்குத்தான். ஆனால் எக்ஸா 1 மாடலில் அதிகபட்ச வேகம் 1/175 நொடி மட்டுமே. நம் ஊர் வெயிலுக்கு அது கொஞ்சம் இடிக்கும்.

யாருக்கு ஒத்துவரும்?

இதைப் பீச்சாங்கைக்காரர்களுக்காகச் செய்த கேமரா என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. சுருட்டுவதும் சுடுவதும் இடதுகை வேலையானால், ஃபோகஸ் என்ற நுணுக்கமான வேலை வலதுகைக்கு வருகிறது. அதனால் வலதுகைக்காரருக்கும் இதில் லாபம் உண்டு.

எங்கள் கணிப்பில் கையைவிடக் கண்தான் முக்கியம். சாதாரணக் கேமராவை இடது கண்ணில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு, லீவரை இழுக்கும்போது வலது கட்டைவிரல் முகத்தில் இடிக்கும். அவர்கள் எக்ஸாக்டாவைத் தூக்கினால் முகம் கேமராவின் வலப்பக்கம் போய்விடும், இடப்பக்க லீவருக்கு வழி கிடைக்கும். வலது கண்காரர்களுக்கு நேர்மாறு. அவர்கள் சுருட்டும் ஒவ்வொரு முறையும் கேமராவை முகத்திலிருந்து அரை அடி தள்ளிப் பிடிக்க வேண்டும், அல்லது இடுப்பு உயரத்தில் மேலிருந்து குனிந்து பார்க்கும் வியூஃபைண்டரை மாட்டிக்கொள்ள வேண்டும்.

உங்கள் கண் எது என்று தெரியாவிட்டால், இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நடுவில் சின்ன இடைவெளி விட்டு, அதன் வழியாகத் தூரத்தில் இருக்கிற செல்போன் டவரைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது டவர் இடைவெளிக்குள்ளேயே நிற்கிறதோ அதுதான் உங்கள் கண்.

வாங்குவதற்கு முன்

முதலில் பிலிம் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். அடியில் வலப்பக்கம் பிலிமைத் திரும்பச் சுற்றும் குமிழ் இருக்கும். அதை மெல்லச் சுழற்றினால் இழுவை தெரிகிறதா? தெரிந்தால் உள்ளே யாரோ விட்டுப்போன ரோல் இருக்கிறது, திறக்காதீர்கள். இல்லையென்றால் பின்மூடியைத் திறந்து, லென்ஸைக் கழற்றிவிட்டுச் சோதனையைத் தொடங்கலாம்.

லீவரை முட்டும் வரை இழுங்கள். இது சாதாரணக் கேமராபோல் பாதிச் சுற்று அல்ல, முக்கால் சுற்றுக்கு மேல் போகும். பாதியில் நிறுத்தினால் பொத்தான் வேலை செய்யாது. இதைப் பழுது என்று நினைத்து விலை பேசும் ஆட்களும் உண்டு, அதைச் சரிப்படுத்திக் காட்டி விலை ஏற்றும் ஆட்களும் உண்டு.

ஷட்டர் திரை துணியால் ஆனது, மேலே ரப்பர் பூச்சு. அறுபது எழுபது வருடத்தில் பூச்சு வெடித்து ஊசித் துளைகள் விழுந்திருக்கும். கடையின் இருட்டு மூலையில் போன் டார்ச்சை லென்ஸ் இருந்த வாய் வழியாக உள்ளே காட்டி, பின்பக்கமிருந்து திரையைப் பாருங்கள். உள்ளே சாய்ந்திருக்கும் கண்ணாடி மறைத்தால் ஒருமுறை சுட்டுவிடுங்கள், அது மேலே போய் அங்கேயே நிற்கும். நட்சத்திரம்போல் வெளிச்சப் புள்ளி தெரிந்தால் அதுவே ஒவ்வொரு படத்திலும் வெள்ளைப் பொட்டாக வரும். திரை மாற்றும் வேலை சின்னது அல்ல. அப்படிப்பட்டதை அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம்.

வேகத்தைச் சோதிக்கப் போனின் ஸ்லோமோஷன் போதும். நொடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் போனில் ஒரு ஃபிரேம் சுமார் 4 மில்லி நொடி. வேகத்தை 1/25-இல் வைத்து, கேமராவை வெளிச்சமான சுவர் பக்கம் திருப்பி, பின்பக்கத்திலிருந்து படம் பிடியுங்கள். சட்டத்தின் நடுவில் ஒரு புள்ளி ஏறக்குறைய 10 ஃபிரேம் வரை வெளிச்சமாக இருக்க வேண்டும். உங்கள் குமிழில் 1/25-க்குப் பதில் 1/30 இருந்தால் 8 ஃபிரேம். ஒன்றிரண்டு கூடக்குறைய இருந்தால் பரவாயில்லை. 1/1000-க்கு இந்த வழி செல்லாது. அதற்கு வெள்ளைச் சுவரை நோக்கிச் சுட்டு, சட்டம் முழுக்க ஒரே சீராக ஒளி மின்னுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரு ஓரம் கருப்பாகவே நின்றால் பின்திரை முன்திரையை எட்டிப் பிடிக்கிறது என்று அர்த்தம். படத்திலும் அந்த ஓரம் இருட்டாகவே வரும்.

மேலே வலப்பக்கம் இன்னொரு பெரிய குமிழ் இருக்கும். அது மெதுவேகத்துக்கானது. ஷட்டரைச் சுருட்டி, இடப்பக்க வேகக் குமிழை டி அல்லது பி எழுத்தில் வையுங்கள். வலப்பக்கக் குமிழை வலஞ்சுழியாக முட்டும் வரை முறுக்கி, வளையத்தைத் தூக்கிக் கருப்பு எண் 12-இல் நிறுத்திச் சுடுங்கள். ஷட்டர் 12 நொடி திறந்திருக்க வேண்டும், போன் கடிகாரத்தோடு ஒப்பிடுங்கள். சிவப்பு எண்களில் வைத்தால் முதலில் கொஞ்ச நேரம் காத்திருந்து பிறகு திறக்கும், அதாவது தன்னைத்தானே படம் எடுத்துக்கொள்வதற்கு. பல கேமராக்களில் இந்தச் சக்கரம் நடுவழியில் நின்றுவிடும். உள்ளே கிரீஸ் கெட்டிப்பட்டதுதான் காரணம். பகல் வெளிச்சத்தில் மட்டும் எடுப்பவருக்கு அது ஒரு குறையே அல்ல, விலையைக் குறைக்க மட்டும் பயன்படுத்துங்கள். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் ஓடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த எண்ணெய் ஊர்ந்து திரைத் துணிக்குப் போய்ச் சேரும்.

பிடிப்பது எப்படி

ரோல் போடுவதற்கு முன் ஒரு சாயங்காலம் வெறும் கேமராவில் பழகுங்கள். இடது உள்ளங்கை கேமராவின் இடது முனையை அணைக்கட்டும், கட்டைவிரல் முதுகில் இருக்கட்டும். பொத்தான் மேலே இல்லை, முன்முகத்தில் இருக்கிறது. அதை ஆட்காட்டி விரலாலோ நடுவிரலாலோ அழுத்தலாம். இங்கேதான் புதியவர்களின் படம் கலங்குகிறது. மேல்பொத்தானைக் கீழ்நோக்கி அழுத்திப் பழகிய விரல், முன்பொத்தானை வெடுக்கென்று பின்னால் குத்தும், கேமரா ஆடிவிடும். பின்னால் இருக்கிற கட்டைவிரலும் முன்னால் இருக்கிற விரலும் ஒன்றையொன்று நோக்கி நெருங்குகிற மாதிரி மெல்லப் பிழியுங்கள். அப்போது 1/50-இல்கூடக் கை நடுக்கம் தெரியாது.

வலதுகை லென்ஸின் அடியில் இருக்க வேண்டும். ஃபோகஸ் வளையம், அபர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துளை) வளையம் இரண்டும் அதன் பொறுப்பு. முதல் சில நாள் வலது ஆட்காட்டி விரல் பழக்கதோஷத்தில் மேலே ஏறி, அங்கே இருக்கிற மெதுவேகக் குமிழைத் திருகிக்கொண்டிருக்கும். ஒன்றும் கெடாது, ஆனாலும் அந்தக் கையை லென்ஸிலேயே வைத்துப் பழக்குங்கள்.

வரிசை எப்போதும் ஒன்றுதான்: சுருட்டு, வேகம் வை, ஃபோகஸ் செய், சுடு. வேகத்தைச் சுருட்டிய பிறகே வைப்பது நல்லது. குமிழைத் தூக்கி, அம்புக்குறி காட்டும் திசையில் திருப்பி, எண்ணைப் புள்ளிக்கு நேரே விடுங்கள். பழைய வேரெக்ஸில் எண்கள் 25, 50, 100, 150, 250, 500, 1000 என்று இருக்கும். பிந்தியவற்றில் 30, 60, 125 என்று போகும். 150-ஐப் பார்த்துக் குழம்ப வேண்டாம், வெளிச்சம் அளக்கும் லைட் மீட்டர் 125 சொன்னால் அதையே வைத்துக்கொள்ளலாம்.

சுட்டவுடன் வியூஃபைண்டர் இருண்டுபோகும். உள்ளே இருக்கும் கண்ணாடி மேலே போய் அங்கேயே நின்றுவிடும், மறுபடி சுருட்டினால்தான் கீழே இறங்கும். தானாக இறங்கும் கண்ணாடி 1967-இல் வந்த வி.எக்ஸ். 1000 போன்ற பிந்தைய மாடல்களில்தான் உண்டு. இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. சுட்டுவிட்டுச் சுருட்டாமல் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு மதிய வெயிலில் நடந்தால், லென்ஸ் சூரியனைக் கூட்டி நேரே துணித் திரைமேல் போடும், ஓட்டை விழும். ஒவ்வொரு படத்துக்கும் பிறகு லென்ஸ் மூடியைப் போடுங்கள். சோம்பலாக இருந்தால் உடனே சுருட்டியாவது வையுங்கள், கண்ணாடி இறங்கித் திரையை மறைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் சுருட்டிய நிலையிலேயே மாதக்கணக்கில் விட்டுவிடாதீர்கள், ஸ்பிரிங் தளரும்.

பொத்தான் அசையவே மறுத்தால் அதன்மேல் ஒரு சிறிய பூட்டுத் தகடு திரும்பி நிற்கிறதா பாருங்கள். தகட்டை ஒதுக்கினால் வேலை முடிந்தது. சில லென்ஸ்களில் பக்கவாட்டில் ஒரு கை நீண்டு, அதன் நுனிப் பொத்தான் கேமராவின் பொத்தானுக்கு நேர் முன்னே வந்து உட்கார்ந்திருக்கும். லென்ஸின் பொத்தானை அழுத்தினால் முதலில் அபர்ச்சர் சுருங்கும், அதே அழுத்தம் தொடர்ந்து ஷட்டரைத் தட்டும். அந்தக் கை இறுகிப்போன லென்ஸில் அபர்ச்சர் சுருங்காமலே ஷட்டர் ஓடி, படமெல்லாம் வெளிறிப்போகும். லென்ஸைக் கண்ணெதிரே பிடித்து, அபர்ச்சரை எஃப் 16-இல் (எஃப் எண் கூடக்கூடத் துளை சிறியது) வைத்து அழுத்திப் பாருங்கள். தகடுகள் சட்டென்று மூட வேண்டும்.

ரோல் போடுதல்

நிழலில் போடுங்கள். பிலிம் இதில் வலமிருந்து இடமாக ஓடுகிறது. அதனால் வேறு கேமராவில் கண்ணை மூடிக்கொண்டு ரோல் போடுபவர்கூட இங்கே தடுமாறுவார்.

1. அடியில் வலப்பக்கக் குமிழைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு, கேசட்டை வலது குழியில் வையுங்கள். கேசட்டின் துருத்திய முனை மேல்நோக்கி இருக்க வேண்டும். குமிழை உள்ளே தள்ளிச் சற்றே திருப்பினால் கவ்விக்கொள்ளும்.

2. இடது குழியில் உள்ள ஸ்பூலைக் கையில் எடுங்கள். அது எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதை முன்பே லீவரை ஒருமுறை இழுத்துப் பார்த்திருந்தால் நல்லது. பிலிம் நாக்கை அதன் பிளவில் நன்றாகச் செருகி, மறுபடி குழியில் வையுங்கள். பிலிமின் மங்கலான பக்கம் லென்ஸை நோக்கி இருக்கட்டும்.

3. மூடியைத் திறந்து வைத்துக்கொண்டே சுருட்டிச் சுடுங்கள். மேலும் கீழும் உள்ள துளைகள் பல்சக்கரத்தில் சரியாக உட்காரும் வரை ஒன்றிரண்டு முறை போதும்.

4. மூடியபின் வலப்பக்கக் குமிழைப் பிலிம் இறுகும் வரை மெல்லத் திருப்புங்கள். இப்போது லீவரை இழுத்தால் அந்தக் குமிழும் கூடவே சுழல வேண்டும். சுழலாவிட்டால் பிலிம் நாக்கு ஸ்பூலிலிருந்து நழுவிவிட்டது. முப்பத்தாறு படமும் எடுத்து முடித்து ஒன்றுமே இல்லாமல் லேபிலிருந்து வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

5. இரண்டு வெற்றுப்படம் தள்ளிவிட்டு, எண் காட்டும் வட்டைக் கையால் 1-க்குத் திருப்புங்கள். அது தானாகத் திரும்பாது.

அடியில் இடப்பக்கம் இன்னொரு சிறு குமிழ் உண்டு. திருகிக் கழற்றி இழுத்தால் வரும், என்ன என்று பார்க்கத் தோன்றும். இழுக்காதீர்கள், அது கத்தி. பாதி ரோல் எடுத்தபின் பிலிமை உள்ளேயே வெட்டி, எடுத்தவரை இருட்டறையில் வெளியே எடுத்துக் கழுவுவதற்காக வைத்தது. தெரியாமல் இழுத்தவர்களின் ரோல் நடுவில் இரண்டாகிவிடும்.

முடிந்ததும் லீவர் இறுகி நிற்கும். முரட்டுத்தனமாக இழுத்தால் துளைகள் கிழியும். திரும்பச் சுற்ற அனுமதிக்கும் பொத்தானை அழுத்தி (மாடலுக்கு மாடல் அதன் இடம் வேறு, பழைய கையேடுகளின் பிரதிகள் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன), அடிக்குமிழை நிதானமாகச் சுற்றுங்கள். பிலிம் ஸ்பூலை விட்டுக் கழலும்போது இழுவை சட்டென்று இல்லாமல்போவது விரலுக்குத் தெரியும்.

எங்கே, எந்த அளவில்

உச்சிவெயிலில் ஐ.எஸ்.ஓ. (பிலிமின் ஒளி உணர்திறன் எண்) 100 பிலிமுக்கு 1/100, எஃப் 16. எம்.சி. ரோட்டின் கடை நிழலுக்குள் எடுத்தால் எஃப் 5.6-க்குத் திறந்துவிடுங்கள். மீட்டர் இல்லாத கேமராவில் தொடங்குபவருக்கு ஐ.எஸ்.ஓ. 200 கலர் நெகட்டிவ் வசதி. வெளிச்சம் ஒரு படி (இரு மடங்கு) கூடினாலும் அது பொறுத்துக்கொள்ளும், குறைந்தால்தான் நிழலெல்லாம் சேறாகிவிடும்.

காசிமேட்டில் விடிகாலை ஏல நேரத்துக்குக் கூரைக்குள் ஐ.எஸ்.ஓ. 400, எஃப் 2.8, 1/50 என்று தொடங்கலாம். உப்பும் மீன்தண்ணீரும் தெறிக்கும் இடம் அது. லென்ஸ் மட்டும் வெளியே தெரிகிறபடி பிளாஸ்டிக் கவரில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் உலோகத்தைத் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் ஒத்துங்கள், அன்றைக்கே. ஏலம் நடக்கும்போது ஆட்களைக் கேட்டுவிட்டு எடுங்கள். பெரிய துறைமுகத்தின் மதிலுக்குள் அனுமதியில்லாமல் கேமராவைத் தூக்க வேண்டாம்.

கேரம் கிளப்புகள் இந்தக் கேமராவுக்கு மிகவும் பொருந்தும். இடுப்பு வியூஃபைண்டரை மாட்டி, கேமராவைப் பலகை உயரத்தில் வைத்து, எதிர்மூலைப் பாக்கெட்டுக்கு முன்கூட்டியே ஃபோகஸ் செய்துவிட்டுக் காத்திருங்கள். அதில் இடம் வலமாகத் தெரியும். ஸ்ட்ரைக்கரின் பின்னே கேமராவைத் திருப்பினால் படம் எதிர்ப்பக்கம் ஓடும், அதனால் துரத்தாதீர்கள். பழைய டியூப்லைட் நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். இந்த வகைத் திரை ஷட்டரில் 1/250, 1/500 வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக விழலாம். 1/50-இல் நில்லுங்கள்.

பாக்ஸிங் வேண்டாம் என்பது எங்கள் யோசனை. ஒரு சுருட்டலுக்கு ஒரு படம், நடுவில் இருட்டுக் கண்ணாடி, போதாக்குறைக்கு அரங்க வெளிச்சம். வியாசர்பாடி மைதானத்துப் பந்தாட்டம் என்றால் மாலை நாலு மணி வெயிலில் 1/500-க்குத் தாராளமாக வெளிச்சம் இருக்கும்.

எண்ணூர், மணலி பக்கம் போனால் அங்கே மூடியைத் திறந்து ரோல் மாற்றாதீர்கள். காற்றில் இருக்கிற சாம்பல்தூள் ஒன்று பிலிமை அழுத்திப் பிடிக்கும் தகட்டில் ஒட்டினால், ரோல் முழுக்க நீளவாக்கில் ஒரே கோடு விழும். வீட்டில் ரப்பர் பல்பால் ஊதிச் சுத்தம் செய்யுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும், ஸ்பிரே டப்பா திரைத் துணியைப் பிய்க்கும்.

கடலோரத்து ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பதுதான் இங்கே பெரிய எதிரி. தோல்பையில் வைத்துப் பீரோவில் பூட்டுவது பூஞ்சைக்கு விருந்து வைக்கிற மாதிரி. காற்றுப் புகாத டப்பாவில் நிறம் மாறும் சிலிகா ஜெல்லோடு வையுங்கள். நீலம் இளஞ்சிவப்பானால், அல்லது ஆரஞ்சு பச்சையானால், அது ஈரத்தைக் குடித்து நிரம்பிவிட்டது. சமையலுக்குப் பயன்படுத்தாத ஒரு வாணலியில் சிறுதீயில் வைத்துப் பழைய நிறம் வரும் வரை சூடாக்கி, ஆறியதும் திரும்பப் போடுங்கள்.

எக்ஸாக்டா கிடைக்காவிட்டால்

ரோலை 35 (Rollei 35) என்ற கேமரா சின்னது. சுருட்டும் லீவர் இடப்பக்கம், ஷட்டர் பொத்தான் வலப்பக்கம். லென்ஸை வெளியே இழுத்துத் திருப்பிப் பூட்டினால்தான் சுடும். உள்ளே தள்ளுவதற்கு முன் கட்டாயம் சுருட்டியிருக்க வேண்டும், பிறகு மேலே உள்ள சிறு பொத்தானை அழுத்திக்கொண்டு லென்ஸைத் திருப்பித் தள்ள வேண்டும். சுருட்டாமல் தள்ளிப் பார்த்துத்தான் பலர் இதைக் கெடுக்கிறார்கள். ஃபோகஸ் கண்ணால் பார்த்துச் செய்வதல்ல, தூரத்தைக் கணித்து வைப்பது. மீட்டருக்கு 1.35 வோல்ட் பாதரச பேட்டரி இருந்தது, இப்போது அது வருவதில்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் காது மெஷின் பேட்டரி 675 அளவில் ஒரு ரப்பர் வளையத்தோடு பொருந்தும், 1.4 வோல்ட் தரும். ஷட்டருக்குப் பேட்டரியே வேண்டாம்.

கோனிக்கா 3-இல் லென்ஸின் இடப்புறம் ஒரு லீவரை இரண்டு முறை கீழே தட்டினால் சுருட்டும். ஃபோக்ட்லெண்டர் விட்டெஸ்ஸாவில் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை இடது விரலால் அழுத்த வேண்டும். இரண்டிலும் சுடுவது வலதுகைதான்.

உண்மையிலேயே இடதுகைக்காரர்களுக்கென்று செய்தது யாஷிகா சாமுராய் இசட்-எல், 1989-இல் வந்தது. பிடி, பொத்தான் எல்லாமே கண்ணாடியில் பார்த்த மாதிரி மாறியிருக்கும். அரை ஃபிரேம் கேமரா என்பதால் 36 ரோலில் 72 படம். எல்லாம் மின்னணு. பேட்டரி போட்டு உயிர் வராவிட்டால் வாங்க வேண்டாம், பழுது பார்க்க ஆள் தேடுவது வீண் அலைச்சல்.

லேபில் கொடுக்கும்போது

எக்ஸாக்டாவிலும் ரோலை 35-இலும் பிலிம் தலைகீழாக உட்கார்ந்து ஓடுவதால், நெகட்டிவின் ஓரத்தில் இருக்கும் எண்களும் பெயரும் படத்துக்குத் தலைகீழாக வரும். லேபில் ஸ்கேன் செய்பவர் எழுத்தைப் பார்த்து வைத்தால் எல்லாப் படமும் கவிழ்ந்து வரும், 180 டிகிரி திருப்பினால் சரி. ஆனால் எழுத்து கண்ணாடியில் பார்த்ததுபோல் இடவலம் மாறித் தெரிந்தால் பிலிமைப் பக்கம் மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அப்போது படத்தைத் திருப்பினால் போதாது, மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கடைப் பலகை, பஸ் எண் ஏதாவது இருக்கிற படத்தை எடுத்துப் பார்த்தால் எந்தக் கோளாறு என்று உடனே தெரிந்துவிடும்.